நேற்று நான் குளிப்பாட்டுவேன்

ஆறாம் நம்பர் படுக்கையில் கிடந்த பெரியவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு, அவள் அவரிடம் இங்கிலீஷில் பேசினாள். அவரிடம் பேசுவதில் ஒரு வசதி உண்டு. பக்கவாதம் வந்து நாக்கு விழுந்து நாற்பது நாள் ஆகிறது. என்ன சொன்னாலும் கண்ணைக் கொட்டிக்கொண்டு கேட்பார், திருப்பிக் கேள்வி கேட்கமாட்டார். வார்டில் மற்றவர்கள் எல்லாம் வாய் உள்ளவர்கள்.

"யெஸ்டர்டே ஐ வில் கிவ் பாத்," என்று காதோரம் குனிந்து சொன்னாள். "ஷீ ஈஸ் ஓல்ட் மேன். ஷீ ஈஸ் வெரி குட்."

பெரியவர் கண்ணைக் கொட்டினார். பின்னால் மருந்துத் தட்டோடு வந்து நின்ற சிஸ்டருக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ ஆயாம்மா, பாவம் மனுஷன்! கையும் காலும் போனது போதாதுன்னு அவரைப் பொம்பளையா வேற ஆக்கிட்டீங்களே!"

"என்ன சிஸ்டர்?"

"ஷீன்னா பொம்பளை. ஆம்பளைக்கு ஹீ. அப்புறம் அது என்ன, நேத்து குளிப்பாட்டுனதுக்கு வில் போடுறீங்க? நேத்து இனிமேதான் வரப்போகுதா?" சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும். மனதில் விஷம் கிடையாது. "யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நானா கத்துக்கிட்டேன் சிஸ்டர்."

பொய் அவ்வளவு தயாராக வந்து நாக்கில் உட்கார்ந்திருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெட்பேனை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதின்மூன்று நாளாக ஹீயையும் ஷீயையும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தது மகள். ஒன்பது நாளில் இன்டர்வியூ.

பதினொரு வருஷமாக அவள் இந்த ஆஸ்பத்திரியில் ஆயா. மாதக் கடைசியில் வார்டு வேலை முழுவதும் ஒரு கம்பெனி கைக்குப் போகிறது; நாற்பது வயதுக்கு மேல் ஆள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவளுக்கு நாற்பத்தாறு. அதற்குப் பிறகு எங்கே போய் நிற்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஏஜென்சி மூலமாக வெளிநாட்டு வேலை வந்தது. வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதி. அங்கே அனுபவம்தான் முக்கியம், வயது பெரிதில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம். கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போனில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

அவள் பள்ளிக்கூடப் பக்கம் போனது ஐந்து வயதில் ஆறு மாதம். புருஷன் இன்னொரு குடும்பத்தோடு போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஜீவன் மகள்தான். அந்த ஜீவனும் ஒன்பதாம் வகுப்போடு நின்றது.

அதுவும் இங்கிலீஷால்தான் நின்றது. வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்களாம். ஒரு சொல்லில் நாக்குத் தடுக்கியிருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை சிரிக்க, வகுப்பே சிரிக்க, கடைசியில் டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மறுநாள் மகள் போகவில்லை. பெற்றவள் அடித்துப் பார்த்தாள். கேட் வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்ற நிற்பைப் பார்த்து, வாட்ச்மேனே "விடும்மா, இன்னிக்கு வேணாம்" என்றார். அந்த 'இன்னிக்கு' நாலு வருஷமாக நீண்டுவிட்டது. இப்போது பதினெட்டு. டெய்லர் கடையிலிருந்து வருகிற ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்கிறாள். வாரத்துக்கு ஒரு தரம் கடையின் பின்வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, வேறு பையை வாங்கிக்கொண்டு வருவாள். வெளியார் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு.

அப்படிப்பட்ட பிள்ளை, அம்மா இங்கிலீஷ் கற்க வேண்டும் என்றதும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தது. நாலு வருஷமாகப் பழைய புத்தகங்களை வைத்துத் தானே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுத்து, பெயர், வயது, இது கட்டில், அது ஜன்னல். எழுத்துக்குக் கீழே தமிழில் ஒலியையும் எழுதிக் கொடுப்பாள். சரியாகச் சொன்னால் மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நோயாளியின் உறவுக்காரர்கள் விட்டுப்போன பேப்பரில் தெரிந்த எழுத்தைத் தேடினாள்.

இதெல்லாம் தெரியாமல் சொல்லிக் கொடுத்ததா, தெரிந்தே கொடுத்ததா? கழுவும் அறையில் அவளைக் குடைந்தது அந்தக் கேள்விதான். ஒன்பதாவதில் நின்ற பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும் என்று வைத்துக்கொண்டால் மனதுக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் கேட்டுவிட முடியுமா? உனக்கு இங்கிலீஷ் தெரியவில்லையாமே என்று அந்தப் பிள்ளையிடம், அதுவும் பெற்றவளே, கேட்டுவிட முடியுமா?

அன்று சாயங்காலம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மகள் நோட்டை விரித்து, "நேத்து என்ன வேலை செஞ்சீங்கன்னு கேப்பாங்கம்மா. என்ன சொல்லணும்?" என்றாள்.

"யெஸ்டர்டே ஐ வில் கிவ் பாத்."

"ம்."

"இது சரிதானே பாப்பா?"

மகளின் பென்சில் தாளில் ஒரு புள்ளியின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. "சரிதாம்மா. பத்து தரம் சொல்லுங்க."

அவள் பத்து தரம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு இரண்டு பள்ளிக்கூடம் ஆனது. டீ நேரத்தில் மருந்து அலமாரிக்குப் பின்னால் சிஸ்டரிடம் சரியானது. சாயங்காலம் பாயில் உட்கார்ந்து மகளிடம் தப்பானது. பகலில் சிஸ்டர் போட்ட விதை முளை விடுவதற்குள் சாயங்காலம் மகள் வந்து மண்ணைக் கிளறிவிடுவாள். சிஸ்டருக்குக் கிடைத்தது கால் மணி நேரம், அதிலும் பாதியில் மணியடித்துவிடும். மகளுக்கு ஒன்றரை மணி நேரம். மகள் பொறுமையானவள். ஒரு வாக்கியத்தை அறுத்து, துண்டு துண்டாக வாயில் வைத்து, மென்று விழுங்குகிற வரைக்கும் காத்திருப்பாள். தப்பைக்கூட அப்படித்தான் ஊட்டினாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மகள் ரவிக்கைப் பையோடு டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். போய் வர முக்கால் மணி நேரம் ஆகும். மகளுக்குத் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. அது தலையணை உறைக்குள் இருப்பது அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். தொட்டதில்லை. வயசுப் பிள்ளைக்கு ஒளித்துவைக்க ஒரு இடமாவது வேண்டாமா என்று விட்டுவைத்திருந்தாள். இன்று உறைக்குள் கையை விட்டபோது, மயக்கத்தில் கிடக்கிற நோயாளியின் சட்டைப்பையைத் துழாவுகிற மாதிரி கை கூசியது.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவளுக்கு ஒரு வழி இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்ப்பது. மருந்துச் சீட்டையும் மருந்துப் பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, வடிவம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். பதினொரு வருஷத்தில் ஒரு பெட்டி மாறியதில்லை. தன் பாட நோட்டையும் மகளின் நோட்டையும் தரையில் விரித்து அப்படித்தான் பார்த்தாள். அவள் பாடம் தொடங்கிய பக்கங்கள் அச்சாக ஒத்துப்போயின. கட்டில், ஜன்னல், என் வயது நாற்பத்தாறு. இன்டர்வியூ தேதி வந்த நாளை மகள் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு பக்கம் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிந்தது.

இடப்பக்கம், அடியில் இருந்த தமிழ் ஒலியை எழுத்துக்கூட்டினால், 'ஐ கேவ் பாத்' என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்த அதே சரியானது. வலப்பக்கம் இருந்தது அவள் பாட நோட்டில் இருப்பது. இடப்பக்கத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. வலப்பக்கத்தில்தான் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் நைந்துபோயிருந்தது. தப்பாக எழுதத்தான் பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்.

பக்கத்தின் அடியில் தமிழில் இரண்டு வரி. அதை அவளால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

சிரிப்பார்கள். சிரித்தால் போகமாட்டாள்.

அவள் நோட்டை மூடவில்லை. மறுபடி எழுத்துக்கூட்டினாள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. ஒருத்தியைப் போகவிடாமல் நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. உலகம் அதற்குச் சொல்லிக் கொடுத்த வழி. மாடிப்படியில் காலடி கேட்டது. நோட்டை உறைக்குள் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாள். அவள் வந்தால் வீடு சின்னதாகிவிடும், குரல் அப்படி.

"அக்கா, நீ ஒண்ணும் யோசிக்காத. ரெண்டு வருஷம் என்ன ரெண்டு வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். எங்க வீட்ல ஒம்போது பேரு. பத்தாவதா இவ இருந்துட்டுப் போறா. மாமியார் வேற காது கேக்காம கத்திட்டுக் கிடக்கு, நம்ம பூட்டை அது பக்கத்துல உக்கார வச்சா ரெண்டும் பொருத்தமா இருக்கும்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "என்னடி, சித்திகூட இருப்பேல்ல? வாயைத் திறந்து சொல்லேன், முத்தா உதிர்ந்துடும்?"

மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த மகளின் ஊசி நின்றது. தலை நிமிரவில்லை. துணியில் ஒரு சிவப்புப் பொட்டு பரவுவதைப் பார்த்துவிட்டு பெற்றவள்தான் பதறி எழுந்து விரலைப் பிடித்தாள். விரல் சில்லிட்டிருந்தது. மகள் விரலை மெல்ல உருவிக்கொண்டாள்.

"பழகிப் போயிடும்," என்றாள் தங்கச்சி, எதைப் பற்றி என்று சொல்லாமல்.

பழகிப் போகாது என்பது பெற்றவளுக்குத் தெரியும். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் அந்தப் பிள்ளை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தைத் தேடிக்கொள்ளும். போகாமல் இருந்தால் மட்டும் என்ன? சம்பளம் நின்று மாதம் பிறந்தால் இந்த வாடகை வீடு ஏது? மகளின் கொக்கியை நம்பி எத்தனை நாள் உட்கார முடியும்? கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். மூன்று சாயங்காலம் மீதி இருந்தது. ஒவ்வொரு தரமும், பாயில் உட்கார்ந்ததும், இப்போது கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். "பாப்பா" என்று ஆரம்பிப்பாள். மகள் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, "யெஸ்டர்டே ஐ வில் கிவ் பாத்" என்று தப்பையே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். சொல்லும்போது மகளின் முகத்தையே பார்ப்பாள். முன்பு வந்த வெளிச்சம் இப்போது வருவதில்லை. பதிலாக ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பத்து மணி. மகள்தான் அவளுக்குத் தலை சீவிவிட்டாள், வார்டுச் சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், போனை ஸ்டூலின் மேல் டப்பாவில் சாய்த்து வைத்து முகம் நடுவில் வருகிறதா என்று பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். செய்துவிட்டு, போனுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.

ஏஜென்சிக்காரி கண்ணாடி போட்டிருந்தாள். மேசை மேல் ஒரு தாள், கையில் பேனா.

"பயப்படாதீங்கம்மா. சின்னச் சின்னக் கேள்விதான். பதில் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லணும். பக்கத்துல யாரும் இல்லையே? யாராவது எடுத்துக் கொடுத்தா அத்தோட நிறுத்திடுவேன்."

"யாருமில்ல மேடம்."

பெயர், வயது, ஊர். அதெல்லாம் பழைய பாடம்; தட்டாமல் வந்தது. ஏஜென்சிக்காரி தாளில் டிக் போட்டாள். ஒவ்வொரு டிக்குக்கும் சுவரோரம் மகளின் தோள் ஒரு நூல் இறங்குவது போல இருந்தது.

"வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?"

கேள்வி புரிந்தது. நேற்று என்ன செய்தாய்? சிஸ்டர் சொன்னது உள்ளே எங்கேயோ இருந்தது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு பைக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி தேடினாள். கையில் பட்டதெல்லாம் மகளின் குரல். ஒவ்வொரு சாயங்காலமும் பத்து பத்து தரம் ஊட்டிய குரல். அது தானாக வந்ததா, இல்லை அவளே வரவிட்டாளா என்பது அன்றைக்கும் தெரியவில்லை, பின்னாலும் தெரியப்போவதில்லை.

"யெஸ்டர்டே ஐ வில் கிவ் பாத்."

"சாரி?"

"யெஸ்டர்டே," என்று அவள் இன்னும் உரக்க, தெளிவாகச் சொன்னாள், "ஐ வில் கிவ் பாத். ஷீ ஈஸ் ஓல்ட் மேன்."

ஏஜென்சிக்காரி கெட்டவள் இல்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. பேனா பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. போனிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது, மூக்கு வழியாகத் தப்பித்த சிரிப்பு.

அவள் போனைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே பார்த்தாள். மகளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. வார்டு வழியாகப் பிணத்தைத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட யாரிடமும் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. மகள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்த இடத்தைப் பார்த்தாள், போனின் முதுகை.

"நோ."

யார் குரல் என்று ஒரு நொடி அவளுக்கே தெரியவில்லை.

"நோ. டோன்ட் லாஃப் அட் ஹர்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஐ டாட் ஹர் ராங். ஷீ நோஸ் இட். ப்ளீஸ் ஆஸ்க் ஹர் அகைன்."

ஏஜென்சிக்காரியின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவை மேசையில் வைத்தாள். "யாரும் இல்லைன்னீங்களே?"

"என் பொண்ணு மேடம்."

"முன்னால வரச் சொல்லுங்க."

நாலு வருஷமாக யார் முன்னாலும் வராத பிள்ளை வந்தது. ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றது. படத்தில் அதன் தாடையும் கழுத்தும்தான் விழுந்தன.

"தப்பா சொல்லிக் கொடுத்தது நான்தான்," என்றது. இப்போது தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துக்கொண்டு. "வேணும்னேதான். அவங்களுக்குச் சரியானது தெரியும். அவங்க நல்லா வேலை செய்வாங்க."

அவங்களுக்குத் தெரியும். தோளுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சொல் அவளை ஒரு குலுக்குக் குலுக்கியது. இதற்கு எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து? சனிக்கிழமை நோட்டை உறைக்குள் திணித்தபோது அட்டை எந்தப் பக்கம் இருந்தது? அப்படியென்றால் அந்தச் சாயங்காலங்கள் எல்லாம், அந்தப் பத்து தரம், அந்தத் தலையாட்டல்? திரும்பி மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கழுத்து திரும்பவில்லை.

ஏஜென்சிக்காரி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"என்ன படிக்குது?"

"நின்னுடுச்சு மேடம். ஒம்பதாவதுல."

"ம்." தாளைப் பார்த்தாள். டிக் போட்ட இடங்களை ஒரு தரம் விரலால் தொட்டுக்கொண்டு போனாள். "ரூல்ஸ்படி நான் இப்பவே கட் பண்ணணும். அவளை வெளியே போகச் சொல்லுங்க. கதவைச் சாத்தச் சொல்லுங்க. அதே கேள்வியை இன்னும் ஒரு தரம் கேக்கறேன். ஒரே ஒரு தரம்தான்."

மகள் போனாள். போகும்போது அம்மாவின் சீருடைக் காலர் மடிந்திருந்ததைக் கை தானாக நிமிர்த்திவிட்டுப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

"ரெடியா? வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?"

பழைய கதவு, மழைக்கு ஊறி ஊறி அடிப்பக்கம் தேய்ந்து, தரைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக வெளியே மாடி வராந்தாவின் வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்திருந்தது. வெயிலின் நடுவில் மகளின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. விரல்கள் கதவைப் பார்த்திருந்தன.

"யெஸ்டர்டே," என்று அவள் ஆரம்பித்தாள்.

வெளியே ஒரு பாதம் உயர்ந்து, மற்ற பாதத்தின் மேல் ஏறி, அழுத்திக்கொண்டு நின்றது.